வற்றாக்குளத்துக் கோட்டைக்குக் குறை நாள்

ஜூன் 9, ஞாயிறு

நயினார் அண்ணாச்சி எழுதிய சாகசத்துக்குக் குறை நாள் கிடையாது என்று பகவதியும் ரகுமத்துல்லாவும் என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டார்கள். இது அநியாயம். எனக்குச் செய்தது கொஞ்சம். அண்ணாச்சிக்குச் செய்தது பெரிது. நாளைக்கு யாரும் அப்படி நடக்கவே இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காகத் தேதி போட்டு எழுதுகிறேன்.

படிக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். விடுதிக் காப்பாளராக இருந்தபோது நிர்வாகத்துக்குப் புகார் எழுதியதும் அப்படித்தான்.

ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் கூடி விளையாடுகிறோம். அண்ணாச்சி மாஸ்டர். அவர் ஒரு கதையை உருவாக்கி, வரைபடம் போட்டு, கோட்டையோ குகையோ அதற்குள் என்ன நடக்கிறது என்று சொல்வார். மற்ற மூவரும் அதற்குள் ஆளுக்கொரு வேஷத்தில் நுழைந்து, இன்னது செய்கிறேன் என்று சொல்லிப் பகடை உருட்டுவோம். நான் கருங்கண்ணி, வாள்காரி. அண்ணாச்சியின் மகள் பகவதி பூட்டு உடைக்கிறவள். மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ரகுமத்துல்லா எங்களுக்கு வைத்தியர். ஆட்டத்தைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தவள் பகவதிதான். ஆனால் விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை அகராதி வைத்துப் படித்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி.

அண்ணாச்சி நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவர். அங்கே ஒருவர் வரைந்த படத்தை இன்னொருவர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்து, கீழே கட்டத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது படம். இல்லாவிட்டால் வெறும் தாள். அதே வழக்கத்தை எங்கள் மேசைக்கும் கொண்டுவந்தார். ஒரு சாகசம் முடிந்த அடுத்த ஞாயிறு குறை நாள். அன்றைக்கு மாஸ்டர் தன் நாற்காலியில் உட்காரக் கூடாது. முக்காலியில் உட்கார வேண்டும். குறைகள் முழுதும் சொல்லி முடியும் வரை வாய் திறக்கக் கூடாது. அவர் வரைந்த ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இரண்டு கட்டம் இருக்கும். வரைந்தவர்: ஆறுமுகநயினார். சரிபார்த்தவர்: ஜெபமணி, அதாவது நான்.

இன்று 'வற்றாக்குளத்துக் கோட்டை' முடிந்தது. குளத்துக்கு அடியில் மூழ்கிய கோட்டை. நாலு பூதங்கள் காவல்: நீர், தீ, மண், காற்று. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் நடைப்பிணங்கள், செத்தும் நடமாடுகிறவர்கள். முடிந்ததும் பகவதி கைதட்டினாள். "சூப்பர்ப்பா! ஒரு குறையும் இல்ல, குறை நாளே வேண்டாம்!" என்றாள். ரகுமத்துல்லாவும் தட்டினார். நான் குறைகளைக் குறித்துவைக்கச் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். பகவதி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அண்ணாச்சி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படத்தைச் சுருட்டினார். சரிபார்த்தவர் கட்டம் காலியாகவே உள்ளே போயிற்று.

ஜூன் 10, திங்கள்

காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. மாவு அரைத்தேன். கால் விரல் வீங்கியிருக்கிறது. பகவதியின் குதிகால்.

அவர்கள் கேட்காவிட்டாலும் குறை குறைதான்.

மூன்றாவது அறையில் நீர்ப்பூதம். கொன்றோம். ஏழாவது அறையில் தீப்பூதம் இருக்க வேண்டும். தொடக்கத்தில் அவரே சொன்னார். கதவைத் திறந்தால் மறுபடியும் நீர்ப்பூதம். அதே வார்த்தைகள்: "சுவரெல்லாம் வேர்த்திருக்கு, காலடியில தண்ணி ஏறுது, அந்தத் தண்ணி எழுந்து நிக்குது." ஒரு எழுத்து மாறவில்லை. கோட்டையில் ஒரே ஒரு நீர்ப்பூதம்தான் என்று சொன்னவரும் அவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ரகுமத்துல்லா, "ஆமா, இது இன்னொண்ணு போல" என்றார். செத்த பூதத்தோடு இன்னொரு தடவை சண்டை போட்டோம். தீப்பூதம் வரவே இல்லை.

மேல்தளப் படத்தில் வடக்கு மேலே இருக்கிறது; கீழ்த்தளப் படத்தில் வலப்பக்கம். வடக்கு விஷயத்தில் அண்ணாச்சி இதுவரை தவறியதே இல்லை. கண்ணாடி சரியில்லை போல.

பெரிய குறை நடைப்பிணங்கள். புத்தகத்தின்படி அவை பசியோடு பாய வேண்டும், பார்த்தவர் நடுங்க வேண்டும். இங்கே வாசல்காவலன் வேலை மெனக்கெட்டு எழுந்து நின்று, "யாரு வந்திருக்கிய? சாப்பிட்டியளா?" என்று கேட்கிறான். "சாப்பிட்டோம் ஐயா" என்றோம். கொஞ்சம் தள்ளி நடந்தால் பின்னாலேயே வந்து அதையே கேட்கிறான். மூன்றாவது தடவையும் கேட்டான். சிப்பாய்கள் ஒருவர் பெயரை ஒருவர் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறார்கள், மறந்துவிடாமல் இருக்க. எதற்கு? பிணத்துக்குப் பெயர் எதற்கு? ஒருத்தனும் வாளைத் தூக்கவில்லை. கடைசியில் நாங்களாகத்தான் வெட்டினோம். பயம் எங்கே?

அண்ணாச்சிக்கு எழுதத் தெரியாதா! போன வருடம் உப்பளத்துப் பிசாசை எழுதியவர் அவர்தானே. நான் இரண்டு நாள் பின்கட்டுக்குப் போகவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

லாரி வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

பிரஷர் மாத்திரை வாங்க மேலப்பாளையம் போனேன். மாத்திரை ஒரு சாக்கு. கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் போனேன்.

"அக்கா, மாத்திரை மட்டும் கேளுங்க. ஆட்டத்தப் பத்தி எதுவும் கேக்காதிய" என்றார் ரகுமத்துல்லா, நான் படியேறும் முன்னாலேயே.

"ஏன் கேக்கக் கூடாது? நீர்ப்பூதத்த ரெண்டு தடவை கொன்னமா இல்லையா?"

"கொன்னோம்."

"ஒருக்கா செத்தது மறுபடி சாகுமா?"

பிள்ளையை வைத்துக்கொண்டு இருமல் மருந்துக்கு நின்ற பெண், பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

"அக்கா, மெதுவா! யாவாரம் நடக்குற எடம்."

"அப்பம் அன்னைக்கு ஏன் இன்னொண்ணு போலன்னு சொன்னீரு? நீரு என்ன மாஸ்டரா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பங்குனியில இருந்து அண்ணாச்சிக்கு நாந்தான் மாத்திரை எடுத்துக் குடுக்கேன். என்ன மாத்திரைன்னு சொல்லட்டுமா உங்களுக்கு?"

"வேண்டாம். என் மாத்திரையக் குடும்."

கொடுத்தார். படி இறங்கும்போது, "அக்கா, அவிய மனசு நோகக் கூடாதுன்னுதான்" என்றார். நான் திரும்பவில்லை. குறை சொன்னால் நோகிற மனசு மாஸ்டருக்குக் கிடையாது. உப்பளத்துப் பிசாசுக்கு நான் இருபதுக்கு மேல் குறை சொன்னேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து முந்திரிக்கொத்து தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

ஜூன் 14, வெள்ளி

உப்பளம் படத்தை எடுத்துப் பார்த்தேன். வடக்கு நேராகத்தான் இருக்கிறது. அப்போதும் அவர் போட்டிருந்தது இதே கண்ணாடிதான்.

ஜூன் 16, ஞாயிறு

ஆட்டம் இல்லை. கோவிலுக்குப் போய்விட்டு வந்து சோறு வைத்தேன். பகவதி வந்தாள், கையில் ஒரு தூக்குவாளி. புளிக்குழம்பு. சமாதானத்துக்குக் குழம்பு கொண்டுவரும் பழக்கம் அவள் அம்மா இருந்தபோதே உண்டு.

"அத்தை, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"நின்னே கேக்கேன். கால் வீங்கியிருக்கு, உக்காந்தா எந்திரிக்க முடியாது."

"மிதிச்சதுக்கு மன்னிச்சிருங்க. அப்பாவுக்கு ஞாபகம் போகுது அத்தை. மதுரையில டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே கொஞ்சம் கொஞ்சமா இன்னும் போகுமாம். கூட்ட முடியாது, போறத மெதுவாக்கலாம், அவ்வளவுதான்."

அந்த நோயின் பெயரையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். டாக்டர் எழுதியது போதும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"மறதிக்கு மாத்திரைன்னு தெரியும். முழுசா சொல்லல. எப்படி அத்தை சொல்லுதது?"

"அதுக்கும் குறை நாளுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "நீங்க வரிசையா வாசிச்சா அவிய உடைஞ்சு போயிருவாவ. ஒவ்வொரு குறையும் அந்த நோய்தான். அடுத்த மாசத்துல இருந்து நான் மாஸ்டரா இருக்கேன். அப்பா நம்மகூட உக்காந்து பகடை போடட்டும். சந்தோசமா இருக்கட்டும்."

"அவருட்டக் கேட்டியா?"

"கொஞ்சம் கொஞ்சமா மாத்திரலாம்."

"ஏட்டி, உங்க அப்பா நாற்காலிய அவருக்கே தெரியாம எடுக்கப் போற. நீ பூட்டு உடைக்கிறவ வேஷம் போட்டது சரியாத்தான் இருக்கு."

அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. குழம்பை வாங்கிக்கொண்டேன்; குழம்பு என்ன செய்தது. உப்பு குறைவு என்பதையும் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே அண்ணாச்சி குரல். முதலில் எதிர்வீட்டு மணியை அடித்துவிட்டார். இரண்டு கதவும் ஒரே நிறம், யாருக்கும் வரக்கூடிய தவறுதான். கையில் சுருட்டிய படம்.

"வார்டனம்மா, என் குறை நாள் எங்க?"

என் கையெல்லாம் செதில். "உள்ள வாங்க அண்ணாச்சி" என்றேன்.

"வரமாட்டேன். பதில் சொல்லுங்க. முந்தின ஞாயித்துக்கெழம ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. பகவதி கைதட்டுதா. ரகுமத்து கைதட்டுதான். நீங்க பென்சில எடுத்து, பொறவு உள்ள வச்சிட்டிய. நீங்க! ஏழு வருசத்துல நீங்க பென்சில உள்ள வச்சு நான் பாத்ததே இல்ல."

"என் கால மிதிச்சா."

"மிதிச்சா என்ன? காலாலயா குறை சொல்லுதிய?"

கையைச் சேலையில் துடைத்தேன்.

"செத்தவனத்தான் எல்லாரும் நல்லவன்னு சொல்லுவாவ. நான் இன்னும் சாகல" என்றார். படத்தை என் கதவுக் கம்பியில் செருகினார். "ஞாயித்துக்கெழம. முக்காலிய நானே தொடச்சு வைக்கேன். ஒண்ணும் விடக் கூடாது. விட்டா எனக்குத் தெரியும்." இரண்டு படி இறங்கி நின்று, "தெரியாட்டாலும் விடக் கூடாது" என்றார்.

மீன் கருகிவிட்டது. அப்படியே தின்றேன்.

ஜூன் 20, வியாழன்

சிவப்புப் பென்சில் சீவினேன். முனை உடைந்துகொண்டே இருக்கிறது. மட்டமான பென்சில்.

ஜூன் 23, ஞாயிறு

முந்திரிக்கொத்து தட்டில் இருந்தது. தட்டு மேசைமேல் இல்லை. அண்ணாச்சி அதை எங்கே வைத்தார் என்று பகவதி தேடி, துவைக்கிற இயந்திரத்தின் மேலிருந்து எடுத்து வந்தாள். அடுப்பு மேடையில் 'கேஸை மூடு' என்றும், கதவுக்குப் பின்னால் 'சாவி சட்டைப் பையில்' என்றும் அவர் கையால் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுத்து முன்போலவே அச்சு அச்சாக இருக்கிறது. துறையில் அந்தக் கைக்குப் பேர் உண்டு.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். பகவதி ஜன்னலோரம் நின்றாள். உட்கார மாட்டேன் என்றாள். ரகுமத்துல்லா தொழுகை முடித்து நேராக வந்திருந்தார், தொப்பியைக் கழற்றவில்லை.

வாசித்தேன். குரலைத் தாழ்த்தவும் இல்லை, இனிப்புத் தடவவும் இல்லை. இரண்டு தடவை வந்த நீர்ப்பூதம், வராத தீப்பூதம், இரண்டு வடக்கு, நான்காவது அறையிலிருந்து சுவருக்குள் போகும் படிக்கட்டு, பாதியில் பெயர் மாறிய தளபதி. குளத்துக்கு அடியில் தீப்பூதம் எப்படி அணையாமல் இருக்கும் என்பதும். ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி தலையாட்டினார். நீர்ப்பூதத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். பகவதி, "போதும் அத்தை" என்றாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பேசக் கூடாது அல்லவா; கையால்தான்.

கடைசியாக நடைப்பிணங்கள். "பயமே இல்ல. சாப்பிட்டியளா சாப்பிட்டியளான்னு கேக்குற பிணம் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. இது எல்லாத்துலயும் பெரிய குறை" என்று முடித்துப் பென்சிலை வைத்தேன். இனி அவர் பேசலாம்.

"பூதம் என் தப்பு" என்றார். "வடக்கு என் தப்பு. படிக்கட்டு போட்டது எனக்கு ஞாபகமே இல்ல. தளபதி பேரு மாறுனதும் நீங்க சொல்லித்தான் தெரியுது. தீப்பூதத்துக்குக் காரணம் எழுதியிருந்தேன், எங்க எழுதினேன்னு தெரியல. ஆனா அந்தப் பிணங்க தப்பு இல்ல வார்டனம்மா. வேணும்னுதான் எழுதினேன்."

அண்ணாச்சி படத்தில் கோட்டை வாசலை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அந்தக் காவக்காரனுக்குத் தான் செத்துட்டம்னு தெரியாது. அவன்ட்ட யாரும் சொல்லல. அதான் கேட்டதையே கேக்கான். சிப்பாயிங்க எதுக்கு செவுத்துல பேரு எழுதுதானுவ? மறந்துரும்னு தெரியும், அதான். கோட்டைய விட்டு அவனுவள வெளிய விட ஒரே ஒரு வழிதான் வச்சிருந்தேன். யாராவது ஒருத்தர் அவன் முகத்தப் பாத்து, ஐயா நீரு செத்துட்டீரு, காவல் முடிஞ்சுதுன்னு சொல்லணும். சொன்னா, வாள எடுக்காமலே கதவு தெறந்திரும். மூணு தடவை கேக்க வச்சேன். மூணு தடவையும் எல்லாரும் மரியாதையா, சாப்பிட்டோம் ஐயான்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டிய. கருங்கண்ணியும்தான்."

ரகுமத்துல்லா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"வழிய முன்னறையிலேயே ஒரு குறிப்பாவது காட்டியிருக்கணும். இல்லாட்டி ஆடுறவங்களுக்கு எப்படித் தெரியும்? இதுவும் குறைதான்" என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். "பாத்தியா பகவதி! இதுக்குத்தான் இவிய வேணும்ங்கேன்." பிறகு சிரிப்பு அடங்கியதும் அவளிடமே கேட்டார்: "மதுரையில என்ன சொன்னாவ? முழுசாச் சொல்லு. நான் முக்காலியிலதான் இருக்கேன், வாய் திறக்க மாட்டேன்."

பகவதி வந்து தரையில் உட்கார்ந்து சொன்னாள். முழுதும் சொன்னாள், அந்தப் பெயரோடு. அவர் வாய் திறக்கவில்லை. முந்திரிக்கொத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும், "எவ்வளவு நாள் மாஸ்டரா இருக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

"அத டாக்டர் சொல்லலப்பா."

"டாக்டர் எப்படிச் சொல்லுவாரு, அவருக்கு ஆட்டம் தெரியாதுல்லா" என்றார். என் பக்கம் திரும்பினார். "நாற்காலியில நான் உக்காரக் கூடாத நாள் ஒண்ணு வரும். எனக்குத் தெரியாது. இவங்க ரெண்டு பேருக்கும் வாய் வராது. நீங்க சொல்லணும். முகத்தப் பாத்து."

"அதுக்கு முன்ன படத்தத் திருத்துங்க" என்றேன்.

"திருத்துதேன். கையெழுத்து?"

"திருத்தின பொறவு. தப்பான படத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதிய" என்றார், திருப்தியாக.

கிளம்பும்போது ரகுமத்துல்லா பைக்கில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். நடந்தே வந்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது.

ஜூன் 24, திங்கள்

நேற்று முடிவானதையும் முடிவாகாமல் நான் முடிவு செய்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஒவ்வொன்றின் முடிவிலும் அதைச் செய்ய வேண்டியவர் பெயர் இருக்கும். நாலு படி எடுத்து நாலு பேருக்கும் கொடுக்கப்படும்.

நீர்ப்பூதத்தை ஏழாவது அறையிலிருந்து எடுத்துவிட்டுத் தீப்பூதத்தை வைக்க வேண்டும். வடக்கை ஒரே பக்கம் திருப்ப வேண்டும். படிக்கட்டை அழிக்க வேண்டும். நயினார் அண்ணாச்சி. எழுதும்போது பக்கத்தில் நான் இருப்பேன், பேச மாட்டேன்.

குளத்துக்கு அடியில் தீ எப்படி எரிந்தது என்ற காரணத்தை வீட்டில் எங்கே எழுதிவைத்திருக்கிறார் என்று தேட வேண்டும். பகவதி. துவைக்கிற இயந்திரத்திலிருந்து தொடங்கலாம்.

காரணம் இல்லாமல் கைதட்டக் கூடாது. நன்றாக இருந்தால் எது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். பகவதி, ரகுமத்துல்லா.

மாத்திரைகளைக் கிழமைவாரியாக டப்பாவில் போட்டுக் கொடுக்க வேண்டும். "இன்னொண்ணு போல" என்ற வார்த்தையை மேசையில் இனி சொல்லக் கூடாது. ரகுமத்துல்லா.

மாஸ்டர் ஒரே அறையை இரண்டாவது தடவை சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்திச் சொல்ல வேண்டும், உரக்க. நான். கேட்டதும் அவர் அந்த வரியை அடித்துவிட்டு மேலே போக வேண்டும். மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது.

எங்கள் மூன்று பேர் பெயரையும் வேஷத்தின் பெயரையும் அட்டையில் எழுதி அவரவர் முன்னால் நிறுத்த வேண்டும். அண்ணாச்சி, அவர் கையாலேயே. இப்போதே எழுதிவைக்க வேண்டும்.

மதுரைக்கு அடுத்த தடவை போகும்போது என்னையும் அழைத்துப்போக வேண்டும். பகவதி. டாக்டரிடம் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன.

வாசல்காவலன் வசனத்தை மாற்றக் கூடாது. ஒரு வார்த்தையும். அதைக் குறை என்று நான் எழுதியதைச் சிவப்புப் பென்சிலாலேயே அடிக்க வேண்டும். நான். அடித்துவிட்டேன்.

அந்த நாள் வரும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: அண்ணாச்சி, காவல் முடிந்தது, எழுந்திருங்கள். பகவதி இல்லை, ரகுமத்துல்லா இல்லை. நான்.

அடுத்த ஞாயிறு முந்திரிக்கொத்து என் முறை.